ஸ்ரீல்ஸ் வீதிக்கு அங்காலே

வேலைத்தலத்தில் எங்களுக்கு மேலாக இருக்கும் சுப்பவைசர் ஒருவர் ஒவ்வொரு மாசி மாதமும் உல்லாசக் கப்பலில் போவார். மயாமியில் ஏறி, கரீபியன் தீவுகளைச் சுற்றி, முகம் சிவந்துபோய்த் திரும்பி வருவார். வந்த கிழமை முழுவதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படம் காட்டுவதுதான் அவருக்கு வேலை. கடைசியாகப் போய்வந்தபோது படத்தைவிட ஒரு கணக்கைத்தான் கூடச் சொன்னார். றோயல் கரீபியன் கப்பல்களில் இத்தனை இரவு கழித்தால் இன்ன தரம் என்று ஒரு முறை இருக்கிறதாம். தரம் கூடக்கூடச் சலுகையும் கூடும். அந்தத் தரத்தை வைத்துக்கொண்டு அதே கம்பனியின் சகோதரிக் கப்பல்களிலும் அதற்கு ஈடான சலுகை கேட்கலாமாம். றோயல் கரீபியன், செலிபிரிற்றி, சில்வர்சீ ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். 2024 இல் இருந்து ஒருவர் கொடுத்த தரத்தை மற்றவரும் மதிக்கிறார்கள்.

கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மேசையில் இருந்த தமிழர் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்த கப்பல் வேறு. 2010 ஓகஸ்ற் 13 ஆம் திகதி 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்து சேர்ந்ததே சன் சீ, அதுதான். அதில் வந்தவர்களுக்கு ஒருவரும் தரமும் கொடுக்கவில்லை, புள்ளியும் போடவில்லை. மாதக்கணக்கில் தடுப்பில்தான் வைத்தார்கள்.

ஆனாலும் மனிசன் சொன்ன கணக்கு எங்களுக்கு நன்றாக விளங்கியது. ஏனென்றால் அதே கணக்கை நாங்கள் பஸ்ஸில் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறோம். ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் ஓடுகிற பஸ்களும் ரயில்களும் ஒரு குடும்பத்துச் சகோதரிகள் மாதிரித்தான். நெடுங்காலம் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத சகோதரிகள். இப்போதுதான் ஓரளவுக்குச் சமாதானம். புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறோம். கார் வாங்கிவிட்டவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். ஆனால் அவர்களுக்கும் பனிக்காலத்தில் கார் மக்கர் பண்ணும்.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறோம். ரொறன்ரோ நகரத்துக்குள் ஓடுவது ரிரிசி. 1921 இல் தொடங்கியது. ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே மார்க்கம், ரிச்மண்ட்ஹில், வோன் பக்கம் ஓடுவது யோர்க் பிராந்தியத்தின் பஸ். அந்தந்த ஊர்களின் சிறு சேவைகளை ஒன்றாக்கி 2001 இல் அமைத்தது. மேற்கே மிசிசாகாவுக்கு மைவே, பிராம்ரனுக்குப் பிராம்ரன் ரான்சிற். கிழக்கே ஏஜாக்ஸ், பிக்கறிங், ஒஷாவாப் பக்கம் டூரம். எல்லா ஊரையும் தூரத்தில் இருந்து இணைப்பது பச்சை வெள்ளை நிறக் கோ ரயிலும் கோ பஸ்சும். அது 1967 இல் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே அட்டை. பெயர் பிறெஸ்ரோ.

அட்டை ஒன்றாக இருந்தாலும் கட்டணம் ஒன்றாக இருக்கவில்லை. எங்கள் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்காபரோவில் மார்க்கம் வீதிப் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்குமாடியில் இருந்து வேலைக்குப் போக 102 ஆம் இலக்க பஸ் எடுப்போம். ஸ்ரீல்ஸ் வீதிவரை ரொறன்ரோ. வீதியின் மற்றக் கரை மார்க்கம். தொழிற்சாலைகள் பல அந்தக் கரையில்தான். டெனிசன் வீதி, பதினாலாவது அவெனியூ என்று வரிசையாக இருக்கின்றன. அந்த 102 பஸ்களில் சில ஸ்ரீல்சோடு திரும்பிவிடும், சில அப்பாலும் போகும். அப்பால் போகிற பஸ்சும் ரிரிசி பஸ்தான். அதே சாரதி, அதே இருக்கை. ஆனால் ஸ்ரீல்சைத் தாண்டினால் யோர்க் பிராந்தியத்துக்கு இன்னொரு முழுக் கட்டணம். 2023 இல் ரிரிசிக்கு 3 டொலர் 30 சதம், யோர்க்குக்கு 3 டொலர் 88 சதம். சிவப்பு விளக்கில் பஸ் நிற்கும்போது மூன்று முப்பது. பச்சை விழுந்து வீதியைக் கடந்தால் ஏழு டொலர் பதினெட்டுச் சதம்.

ஊரில் இ.போ.ச. பஸ்சின் சீசன் ரிக்கற்றைக் கொண்டுபோய் மினிபஸ்காரனிடம் காட்டினால் எப்படிச் சிரிப்பான்? "தம்பி, அது அரசாங்கத்தின்ர, இது என்ர" என்பான். அதாவது பரவாயில்லை, அவன் தனி முதலாளி. இங்கே இரண்டும் மக்கள் வரியில் ஓடுகிற பஸ்.

அந்தக் காலத்தில் எங்களில் ஒருவருக்கு ஸ்ரீல்சுக்கு வடக்கே வேலை. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டாவது கட்டணம் மட்டும் நாளுக்கு 7 டொலர் 76 சதம். 2023 ஒக்ரோபரில் ஒன்ராறியோவின் அடிப்படைக் கூலி மணித்தியாலத்துக்கு 16 டொலர் 55 சதமாகியது. அப்படிப் பார்த்தாலும் வீதியைக் கடக்கவே கிட்டத்தட்ட அரை மணித்தியாலம் வேலை செய்யவேண்டும். மாதத்துக்கு இருபது நாள் என்றால் 155 டொலர். அதனால் ஸ்ரீல்சில் இறங்கி நடந்தோம். நடப்பது நாங்கள் மட்டுமல்ல. காலை ஆறரை மணிக்கு அந்தச் சந்தியில் பார்த்தால் சாப்பாட்டுப் பையோடு ஒரு வரிசையே வடக்கு நோக்கிப் போகும். தமிழர், பிலிப்பினோக்கள், பஞ்சாபியர், சீனர் எல்லோரும் ஒரே நடை. தை மாதத்தில் நடைபாதையில் உழவு இயந்திரம் ஒதுக்கிய பனி முழங்கால் அளவு கிடக்கும். பக்கத்தால் நாங்கள் இறங்கிய அதே பஸ் எங்களைத் தாண்டிப் போகும்போது உள்ளே பாதி இருக்கை காலியாக இருக்கும்.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1973 வரைக்கும் ரொறன்ரோவுக்குள்ளேயே இரண்டு வலயம் இருந்ததாம். நகர மையத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கட்டணம், ஸ்காபரோ மாதிரிப் புறத்தில் இருந்தவர்களுக்குக் கூடிய கட்டணம். அந்தக் கோட்டை 1973 இல் அழித்தார்கள். அதற்குப் பிறகு கோடு ஸ்ரீல்சில் வந்து நின்றது. ஐம்பது வருடம் அங்கேயே நின்றது. 2017 டிசெம்பரில் சப்வேயை வோன் வரைக்கும் நீட்டியபோதுகூட ரயிலுக்கு மட்டும்தான் கோடு இல்லாமல் போனது. ரயிலால் இறங்கி அங்கே பஸ் ஏறினால் மறுபடியும் காசு.

2024 பெப்ரவரி 26 ஆம் திகதி திங்கட்கிழமை அந்தக் கோடும் போனது. ஒரே கட்டணம் என்று பெயர் வைத்து மாகாண அரசாங்கம் கொண்டுவந்தது. இழப்பை மாகாணம் ஈடுசெய்கிறது. முதலில் ஏறும் சேவைக்குக் கட்டினால், இரண்டு மணித்தியாலத்துக்குள் ரிரிசி, யோர்க், மைவே, பிராம்ரன், டூரம் எதில் மாறினாலும் இரண்டாவது கட்டணம் இல்லை. கோ ரயிலில் அல்லது கோ பஸ்சில் மாறினால், உள்ளூர் பஸ்சுக்குக் கட்டிய காசு கோவின் கட்டணத்தில் கழிபடும். கோவில் இருந்து இறங்கி உள்ளூர் பஸ் எடுப்பவர்களுக்கு மூன்று மணித்தியாலம். கோவுக்கும் மற்ற நகரங்களுக்கும் இடையில் இப்படி 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. ரொறன்ரோதான் விடுபட்டிருந்தது.

அன்று காலை 102 இல் வடக்கே போனபோது ஸ்ரீல்சில் ஒருவரும் இறங்கவில்லை. சாரதி பழக்கத்தில் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார். பஸ்சுக்குள் யாரோ கைதட்டினார்கள்.

பயணி ஒருவருக்குச் சராசரியாக வருடத்துக்கு 1,600 டொலர் மிச்சம் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் கணக்கில் அதைவிடக் கூட வரவேண்டும். ஆனால் நாங்கள் கட்டாமல் நடந்தவர்கள் ஆனபடியால் மிச்சமானது காசில்லை, முழங்கால்.

நிற்க. வேலைக்குப் போவதை எழுதவா இவ்வளவு என்று கேட்பீர்கள். நாங்கள் எழுத வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைப் பற்றி.

தங்கச்சி குடும்பம் பிராம்ரனில் இருக்கிறது. எங்களுடன் அம்மா. தாயும் மகளும் ஒரே மாகாணத்தில் இருந்தும் வருடத்துக்கு ஒருமுறை கண்டால் பெரிய காரியம். தங்கச்சி ரெலிபோனில், "எப்ப வாறியள்?" என்று கேட்பாள். நாங்கள், "பார்ப்பம், பார்ப்பம்" என்போம். பெரியவர்கள் மூன்று பேர் போய்வர இரட்டைக் கட்டணம் கட்டினால் ஒரு கிழமைச் சாப்பாட்டுச் சாமானில் பாதி போய்விடும் என்று சொல்ல வாய் வராது. கோயிலும் அப்படித்தான். ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயில் பேவியூ அவெனியூவில் இருக்கிறது. பின்ச் சப்வேவரை ரிரிசி, பிறகு யோர்க் பஸ். இரண்டு பேர் போய்வர 28 டொலருக்கு மேல். அர்ச்சனைச் சீட்டைவிடப் பஸ் ரிக்கற் பெரிது என்று அம்மா சொல்லுவார்.

2025 மே மாதம் 10 ஆம் திகதி பிராம்ரனில் சிங்குவாக்கூசிப் பூங்காவில் தமிழின அழிப்பு நினைவுத்தூபி திறந்துவைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடிரவாக இடித்தார்கள் அல்லவா? அதற்குப் பிறகு பிராம்ரன் நகரசபை தன் பூங்காவில் இடம் தர இணங்கியது. இலங்கை அரசாங்கம் எதிர்ப்புத் தெரிவித்தும் தூபி எழும்பியது. அம்மா அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலை தேத்தண்ணி ஊற்றும்போது, "பஸ்ஸிலை போகலாமே?" என்றார்.

அம்மாவின் தம்பி, எங்கள் சின்னமாமா, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்தார். அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. உடலும் இல்லை, சான்றிதழும் இல்லை. திவசம் எந்தத் திதியில் என்று ஐயர் கேட்டபோது அம்மா எழும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு விளக்கு வைக்கவும் இடம் இல்லாமல்தான் இருந்தார்.

மே கடைசியில் ஒரு ஞாயிறு புறப்பட்டோம். திறப்பு விழாக் கூட்டமும் 18 ஆம் திகதிக் கூட்டமும் குறையட்டும் என்று இருந்தோம். நாங்கள் இரண்டு பேர், அம்மா, பதினைந்து வயது மகன், ஒன்பது வயது மகள். அம்மா யன்னலோரம் சட்டியில் வளர்க்கும் செவ்வரத்தையில் இரண்டு பூ விரிந்திருந்தது. அதை ஈரத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு எல்ஸ்மியர் சந்தியில் 102 இல் ஏறி அட்டையைத் தட்டினோம். அந்தத் தட்டில் இருந்து இரண்டு மணித்தியாலம் ஓடத் தொடங்கும். பதினொன்று ஐந்துக்குள் பிராம்ரன் பஸ்ஸில் தட்டிவிடவேண்டும். வார்டன் சப்வே நிலையத்துக்குள் பஸ் நேரே போய்விடும், அங்கே மறுபடி தட்டத் தேவையில்லை. முன்பென்றால் ஸ்காபரோ ஆர்.ரி. ரயிலும் இருந்தது. 2023 யூலை 24 அன்று ஒரு பெட்டி தடம்புரண்டதோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கத்தார் பஸ்சிலேயே கெனடி நிலையத்துக்கு வருகிறார்கள்.

வார்டனில் இருந்து இரண்டாம் பாதை ரயில். விக்ரோரியா பார்க் வரைக்கும் வெளிச்சத்தில் ஓடும். பிறகு நிலத்துக்குக் கீழே. புறோட்வியூ தாண்டியதும் திடீரென்று மறுபடி வெளிச்சம். டொன் பள்ளத்தாக்கின் மேலாக 1918 இல் கட்டிய உயரமான பாலம். கீழே ஆறு, மரம், ஓடும் கார்கள். அம்மா எப்போதும் இந்த இடத்தில் எட்டிப் பார்ப்பார். பாலம் கட்டும்போதே பிற்காலத்தில் ரயில் வரும் என்று கீழ்த்தட்டில் இடம் விட்டுக் கட்டினார்கள் என்று மகன் சொன்னான். பள்ளிக்கூடத்தில் படித்தானாம். ரயில் வந்தது 1966 இல். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னரே யோசித்த நகரம், ஸ்ரீல்சுக்கு ஒரு வழி காண ஐம்பது வருடம் எடுத்தது.

சென் ஜோர்ஜில் மாறி வடமேற்காகப் போகும் முதலாம் பாதை. எக்ளின்ரன் தாண்டியதும் ரயில் நெடுஞ்சாலையின் நடுவால் ஓடும், இரு பக்கமும் கார். யோர்க்டேல் கடைத்தொகுதி பெரிதாகத் தெரியும். பயனியர் வில்லேஜ் நிலையத்தில் ஸ்ரீல்ஸ் தலைக்கு மேலே போகிறது. யாரும் அறிவிக்கவில்லை, ஆனால் நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம்.

கடைசி நிலையம் வோன். நேரம் பத்து ஐம்பது. பதினைந்து நிமிடம் கையில். அங்கேதான் மகள், "எனக்குப் பாத்றூம் போகவேணும்" என்றாள். பிள்ளையோடு போனவர்களுக்குத் தெரியும், அது ஒத்திவைக்கக்கூடிய விடயம் அல்ல. ஒருவர் பிள்ளையோடு ஓட, மற்றவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நிலக்கீழ் வழியால் பஸ் நிலையத்துக்கு நடக்க, மகன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்க, பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் 501 ஆம் இலக்கச் சூம் பஸ் வந்தது. எல்லோரும் ஏறிவிட்டோம். அம்மா தட்டினார். பச்சை. மகன் தட்டினான். பச்சை. எங்களில் ஒருவர் தட்டியபோது மட்டும் முழுக் கட்டணம் வெட்டுப்பட்டது.

பஸ்சில் இருந்து யோசித்துத்தான் பிழை பிடிபட்டது. காலையில் மார்க்கம் வீதியில் கைப்பையைக் கிளறப் பஞ்சியில் ரெலிபோனால் தட்டியிருக்கிறோம். இங்கே அட்டையால் தட்டியிருக்கிறோம். இயந்திரத்துக்கு ரெலிபோன் ஒரு ஆள், அட்டை இன்னொரு ஆள். வங்கிக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் அது அப்படித்தான் பார்க்கிறது. அந்தச் சுப்பவைசரின் மனைவி கல்யாணத்துக்கு முந்திய பெயரில் ஒருமுறை கப்பலுக்குப் பதிந்து அந்த இரவுகள் கணக்கில் வராமல் போனதாம். அதே பிழைதான். ஆகவே முதல் தட்டு எதால் தட்டினீர்களோ கடைசித் தட்டும் அதால்தான். ஆளுக்கு ஒரு அட்டை. மனிசி அட்டையை மனிசனும், மனிசன் அட்டையை மகனும் மாறி எடுத்தால் இரண்டு பேரின் கணக்கும் குழம்பும்.

தட்டுகிற விடயத்தில் வேறு சிலதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். காசாகப் போட்டால் இந்தச் சலுகை இல்லை, கடதாசி ரான்ஸ்பரை மற்ற நகரத்தான் எடுக்கமாட்டான். அட்டை நாலு டொலர்தான். சப்வே நிலையத்து இயந்திரத்திலும் ஷொப்பர்ஸ் மருந்துக்கடையிலும் வாங்கலாம். வாங்கியதும் பெயரில் பதிந்துவிடுங்கள், தொலைந்தால் உள்ளே இருக்கும் காசாவது தப்பும். அறுபத்தைந்து தாண்டிய பெற்றோரின் அட்டையை அடையாளப் பத்திரத்தோடு கொண்டுபோய் முதியோர் அட்டையாக மாற்றவேண்டும், அது தானாக மாறாது. ரொறன்ரோவில் வருமானம் குறைந்தவர்களுக்கு நகரசபையின் ஃபெயர் பாஸ் என்ற கழிவும் அதே அட்டையில் ஏற்றலாம். வந்த புதிதில் நாங்கள் அதைக் கேள்விப்படவே இல்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ரிரிசியில் 2015 இல் இருந்தும் கோவில் 2019 இல் இருந்தும் இலவசம். மற்ற நகரங்களில் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். யோர்க்கின் வீவா பஸ்ஸில் ஏறுமுன் தரிப்பிடத்திலேயே தட்டவேண்டும். கோவில் ஏறும்போதும் தட்டவேண்டும், இறங்கும்போதும் தட்டவேண்டும். இறங்கும்போது மறந்தால் நீங்கள் போகாத தூரத்துக்கும் காசு போகும். ரொறன்ரோத் தீவுக்குப் போகும் படகில் இந்தக் கட்டணம் செல்லாது, அதற்கு வேறு ரிக்கற். கப்பல்காரர் இன்னும் எங்கள் குடும்பத்தில் சேரவில்லை.

இன்னொன்று. கட்டணம் ஒன்றானாலும் எண்ணிக்கை ஒன்றாகவில்லை. எங்களோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் எக்ளின்ரன் நிலையத்தில் கோ ரயில் எடுப்பவர். கோவில் ஒரு மாதத்தில் 40 பயணத்தைத் தாண்டினால் மாதம் முடியும்வரை இலவசம். அவர் 41 ஆவது பயணத்தை ஒரு கொண்டாட்டம் மாதிரிச் செய்வார். மனிசி பிள்ளைகளோடு அல்ல, தனியாக ஏறி ஹமில்ரன் வரை போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். முதலாம் திகதி எல்லாம் பூச்சியத்தில் தொடங்கும். மிசிசாகாவின் மைவே மாதத்தால் அல்ல, கிழமையால் எண்ணுகிறது. ஒருவரின் எண்ணிக்கையை மற்றவர் ஏற்பதில்லை. அந்த விடயத்தில் கப்பல்காரர் எங்களைவிட முன்னால் போய்விட்டார்கள். நீங்கள் இரண்டு சேவையில் வேலைக்குப் போகிறவர் என்றால் எது நாற்பதை எட்டும் என்று பார்த்து அந்தப் பாதையையே பிடியுங்கள்.

நெடுஞ்சாலை ஏழில் பஸ் மேற்கே ஓடியது. பண்டகசாலைகள், ட்ரக் தரிப்பிடங்கள், பிறகு குயின் வீதி என்று பெயர் மாறிப் பஞ்சாபிக் கடைப் பலகைகள். பிராமலி நிலையத்தில் தங்கச்சியும் பிள்ளைகளும் நின்றார்கள். அவள் அம்மாவைக் கட்டிப் பிடித்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சதோ?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். நாங்கள் பதில் சொல்லவில்லை. வழி எப்போதும் தெரியும்.

குயின் வீதியைக் கடந்தால் பூங்கா. நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஆனபடியால் பந்தடிக்கிற பிள்ளைகள், இறைச்சி வாட்டுகிற புகை, பல மொழிச் சத்தம். தூபிக்கு முன்னால் முதல் கிழமை வைத்த பூக்கள் காய்ந்து கிடந்தன, புதிதாகச் சிலவும் இருந்தன. எங்களுக்கு முன்னரே ஒரு வயதானவர் தனியாக நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், ஊர் எது என்று கேட்கவில்லை.

அம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். ஒரு பூ வாடிவிட்டது, மற்றது பரவாயில்லை. வாடினதையும் சேர்த்தே வைத்தார். சின்னமாமாவின் வீட்டுப் பெயரைச் சொல்லி இரண்டு வசனம் பேசினார். எங்களுக்குக் கேட்டது, "இவ்வளவு தூரம் வரப் பதினாறு வருசம்" என்பது மட்டும்தான். மகள் என்னிடம் கேட்பதுபோல அல்லாமல் அம்மம்மாவிடமே நேராகக் கேட்டாள், "அவர் இங்கேயா இருக்கிறார்?" அம்மா, "இல்லைக் குஞ்சு, எங்கை எண்டு தெரியாது. இதிலை வந்து நிக்கலாம்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "இஞ்ச நினைச்ச நேரம் வரலாமே?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. ஒரே காசுதான். உங்களுக்கு அதிலும் குறைய."

"அப்ப சரி" என்றார்.

தங்கச்சி வீட்டில் புட்டும் மீன்குழம்பும். பின்னேரம் நாலரைக்குத் திரும்பினோம். திரும்பி வருவது போவதைவிட நிம்மதி. ஏனென்று கேட்டால், இரண்டு மணித்தியாலம் என்பது முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் இடையில்தான். பிராமலியில் தட்டி, முக்கால் மணித்தியாலத்தில் வோன் சப்வேயில் தட்டிவிட்டால் கதை முடிந்தது. பிறகு ரயில் நடுவில் நின்றாலும், வார்டனில் 102 க்காகக் காத்து நின்றாலும் கேட்க ஆள் இல்லை. போகும்போதுதான் மாற்றம் கடைசியில் வருகிறபடியால் நெஞ்சு அடிக்கும். தூரத்தில் இருந்து புறப்படுகிறவர்கள் முதல் பஸ்சை யாராவது காரில் இறக்கிவிட்டுத் தவிர்த்தால் நேரம் பிந்தித் தொடங்கும். வார இறுதியில் சப்வேயில் திருத்த வேலை என்று ஒரு துண்டை மூடி மாற்று பஸ் விடுகிற வழக்கமும் உண்டு. முதல் நாளே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

வோனில் எல்லோருக்கும் பச்சை விழுந்தது. அம்மா ரயிலில் நித்திரை. டொன் பாலத்தில் எழுப்பவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார், எழுப்பினோம். இருட்டவில்லை, ஆற்றில் தண்ணீர் பொன்னாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று தரம் போய்வந்துவிட்டோம். இரண்டு தரம் அம்மா தனியாகவே போனார். வோனில் எந்தப் பக்கம் நடப்பது என்று மகன் ஒரு துண்டில் படம் கீறிக் கொடுத்திருக்கிறான், அட்டை உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார். ஒரு நாள் தாமதமாகி இரண்டு மணித்தியாலம் தாண்டிவிட்டதாம். இரண்டாவது கட்டணம் போனதைப்பற்றி எங்களிடம் நாலு நாள் சொல்லாமல் இருந்தார். இப்போது அரை மணித்தியாலம் முந்தியே, எட்டரைப் பஸ்சுக்குப் போகிறார்.